கழுவிய தண்ணீர் ஓடிய வழி

பன்றிக்குட்டிக்கு வயிற்றால் போனால் எனக்குக் கண்ணுக்கு முன்பு மூக்குக்குத் தெரிந்துவிடும். திரைந்த பாலை மூடி வைத்துத் திறந்ததுபோல ஒரு புளித்த மணம் வரும். சாணத்தின் மணம் பழகிப்போன மூக்கு, இதற்கு மட்டும் நின்றுவிடும். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் தவிட்டு வாளியோடு போனபோது, பன்றிக்கூட்டு வாசலிலேயே அந்த மணம் என்னை மறித்தது. உள்ளே தாய்ப்பன்றி படுத்திருந்தது. குட்டிகள் முலைக்கு ஓடாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. வால்கள் மஞ்சளாக நனைந்திருந்தன.

எங்கள் வளவு மன்னார்ப் பக்கத்துப் பாப்பாமோட்டையில், வயலுக்கும் உவர்த்தரைக்கும் நடுவே இருக்கிறது. தம்பியின் வீடு அது. நான் கலியாணம் கட்டவில்லை. வீட்டின் பின்பக்கத்துப் பன்றிக்கூடு மட்டும் என்னுடையது. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆட்களோடு கதைக்க எனக்கு வராது. கடைக்குப் போனால், எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் வாய் திறப்பேன். பன்றிகளோடு அந்தக் கரைச்சல் இல்லை. நத்தார்ப் பண்டிகை வரும்போது வாங்குகிறவர்கள் வீடு தேடி வருவார்கள். தம்பி பேசிக் கொடுப்பான். நான் குசினிக்குள் நிற்பேன்.

தம்பி கொழும்புக்கு மீன் ஏற்றும் லொறி ஓட்டுகிறான். கிழமையில் பாதி நாள் வீட்டில் இல்லை. அவன் மனைவியும் நானும்தான் இருப்போம். அவளுக்கு நான் மச்சாள், எனக்கு அவள் மச்சாள். அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை. வருசக்கணக்காகக் காத்திருந்து, இரண்டு தரம் கரு தங்காமல் போய், பிறகு வந்த பிள்ளை. அப்போது அவள் தவழத் தொடங்கவில்லை. குப்புறக் கிடந்து தலையைத் தூக்கி, ஆர் வருகிறது என்று கதவைப் பார்ப்பாள். நான் வந்தால் இரண்டு கையாலும் பாயில் அடிப்பாள். என் வாழ்க்கையில் வேறு யாரும் என்னைக் கண்டு அப்படிச் சந்தோசப்பட்டதில்லை.

எங்கள் கிணறு கோடையில் உவர்த்துவிடும். குடிக்கவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் பவுசர் லொறி கொண்டுவரும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைச் சும்மா நிலத்தில் ஊற்றுவது, சோற்றை முற்றத்தில் கொட்டுவது போன்றது. அதனால் தம்பி, பிள்ளை பிறந்த பிறகு, துணி கழுவும் கல்லிலிருந்து பன்றிக்கூட்டுக்கு ஒரு சிறிய சீமெந்து வாய்க்கால் கட்டினான். பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீரும் அவளுடைய துணி கழுவிய தண்ணீரும் அதிலே ஓடி, பன்றிகள் புரளும் சேற்றுக்குழியில் விழும். பன்றிக்கு வியர்வை இல்லை. சேறு இல்லாவிட்டால் அந்த வெயிலில் தாங்காது. பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். பக்கத்து வளவுக்காரர் தன் மாட்டுப்பட்டிக்கும் அதேபோல் ஒன்று கட்டினார்.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் இருந்தது. ஒவ்வொரு ஈற்றிலும் ஆகச் சிறிய குட்டிக்கு மற்றவை முலை விடாது. அதைப் பெட்டியில் போட்டுக் குசினிக்குள் அடுப்புச் சூட்டருகே வைத்துப் புட்டியில் பால் கொடுப்போம். அந்த முறையும் ஒரு கறுப்புக்குட்டி உள்ளே இருந்தது. பிள்ளை பாவித்து விட்ட பழைய புட்டியைத்தான் மச்சாள் எடுத்துத் தந்தாள். நான் வேலையாக இருந்தால் அவளே கொடுப்பாள்.

"எனக்கு ரெண்டு பிள்ளையள் மச்சாள். ஒண்டு வெள்ளை, ஒண்டு கறுப்பு," என்று சிரிப்பாள். "கறுப்பர்தான் சொல்வழி கேக்கிறார். மற்ற ஆளுக்கு வாய் கூடிப்போச்சு."

குட்டிகளுக்கு வயிற்றால் போகத் தொடங்கிய பிறகு நான் கூட்டில் சாம்பல் தூவினேன். உப்பும் சீனியும் கரைத்துத் தட்டில் வைத்தேன். அப்படி முன்பும் வந்திருக்கிறது, சில குட்டிகள் போகும், சில தப்பும். அதைப் பற்றி வீட்டில் நான் பெரிதாகச் சொல்லவும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை.

பிறகு ஒரு காலை, பிள்ளை குடித்த பால் முழுவதையும் சத்தி எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வயிற்றால் போகத் தொடங்கியது. மச்சாள் மாற்றிய துணியை வாங்கிக்கொண்டு நான் துணி கழுவும் கல்லடிக்குப் போனேன். வாளிக்குள் போடுவதற்கு முன் மூக்கு நின்றது. அதே மணம். துணியை வாளியில் போட்டுவிட்டு வேலிவரை நடந்துபோய்க் காற்றை இழுத்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் மணந்து பார்த்தேன். பிழையாக இருக்கவேண்டும் என்று மனதுக்குள் மன்றாடினேன். பிழை இல்லை.

மத்தியானத்துக்குள் பிள்ளை துவண்டுவிட்டாள். உச்சிக்குழி உள்ளே விழுந்திருந்தது. தம்பியின் போன் வேலை செய்யவில்லை. நான் றோட்டுக்கு ஓடி ஒரு ஓட்டோவை மறித்தேன். வாய் திறக்காத நான் அன்றைக்குக் கத்தித்தான் மறித்தேன். மன்னாருக்குப் போகும் தாம்போதியில் காற்று ஓட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. இரண்டு பக்கமும் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"அழுறாள், ஆனா கண்ணீர் வரேல்லை மச்சாள். ஏன் கண்ணீர் வரேல்லை?" என்று மச்சாள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

எனக்குக் காரணம் தெரியும். கூட்டில் செத்துக்கொண்டிருந்த குட்டிகளின் கண்களும் உள்ளே போய்க் காய்ந்துதான் இருந்தன. "கொஞ்சம் வேகமாப் போ தம்பி," என்று ஓட்டோக்காரனிடம் மட்டும் சொன்னேன்.

"இதுக்கு மேலை போனா கடலுக்குள்ளதான் அக்கா போவம்," என்றான் அவன். ஆனாலும் போனான்.

ஆஸ்பத்திரி வாட்டில் தாதி மிஸி பிள்ளையின் கையில் நரம்பு தேடினாள். கிடைக்கவில்லை. காலில் தேடினாள். கடைசியில் தலையில் ஒரு பக்கம் மயிரை வழித்து அங்கே சேலைன் ஏற்றினார்கள். டொக்டர் ஒரு இளம் ஆள். கேள்விகளை வேகமாகக் கேட்டார்.

"வீட்டில வேற ஆருக்கும் வயித்தாலை போகுதோ?"

"இல்லை டொக்டர். எங்க ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்லை," என்றாள் மச்சாள்.

அவர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். இத்தனை தாய்மார் நிறைந்த வாட்டில், இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டுப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால்?

"குட்டியளுக்குப் போகுது," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"ஆற்றை குட்டியள்?"

"பண்டிக்குட்டியள்."

யாரோ சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. திரும்பி வந்தார். "குட்டியள் வீட்டுக்குள்ள வாறதோ?"

நான் மச்சாளைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒண்டு குசினிக்குள்ள இருக்கு," என்றாள்.

பிள்ளையின் மலத்தைச் சோதித்தார்கள். றோட்டா வைரஸ் என்று வந்தது. டொக்டர் எங்களுக்கு விளங்கும்படி சொல்லப் பார்த்தார். "இது எல்லா இடத்திலயும் பிள்ளையளுக்கு வாறதுதான். அநேகமா ஒரு பிள்ளையிட்டை இருந்து மற்றப் பிள்ளைக்குத்தான் தொத்தும். ஆனா பண்டிக்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் இதே குடும்பத்து வைரஸ் இருக்கு. ஒவ்வொண்டும் தன்ரை இனத்தோடை நிக்கும். இடைக்கிடை தாவுறதும் உண்டு."

"மருந்து?" என்றாள் மச்சாள்.

"இதைக் கொல்லுற மருந்து இல்லையம்மா. தண்ணிதான் மருந்து. வெளியில போறதைவிடக் கூட உள்ள போகவேணும். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரிய காரியம் என்பதை அடுத்த நாள் முழுக்கப் பார்த்தோம். ஊட்டிய கரைசலைப் பிள்ளை அப்படியே கக்கினாள். தலையில் ஏற்றிய ஊசி விலகி, நெற்றி ஒரு பக்கம் வீங்கியது. மறுபக்கத்து மயிரையும் வழித்தார்கள். அவள் அழவும் இல்லை. ஊசி குத்தும்போது கண்ணை மட்டும் ஒருதரம் சுருக்கினாள். அவள் கத்திக் குளறியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் அவளுடைய காலைத் தொடப் போனேன்.

"தொடாதேங்கோ மச்சாள்," என்றாள் பிள்ளையின் தாய். சத்தம் போடவில்லை. "உங்கடை பண்டிதான் என்ரை பிள்ளைக்குக் குடுத்தது."

அதுவரை அவள் எப்போதும் 'எங்கடை பண்டி' என்றுதான் சொல்லியிருந்தாள். நான் கையை எடுத்துச் சீலைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போனேன்.

குழாயடியில் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய் புட்டி கழுவ வந்தாள். முக்காடு போட்ட இளம் பெண். மன்னார்த் தீவுக்காரி.

"அக்கா, கோவிக்காதீங்க. சிரிச்சது நாந்தான்," என்றாள். "பண்டிக்குட்டி எண்டு கேட்டதும் என்னையறியாமச் சிரிப்பு வந்திட்டு."

"பறவாயில்லை."

"எங்கட ஊட்டுலயும் ஆட்டுக்குட்டி ரெண்டு கழிஞ்சி கழிஞ்சி மவுத்தாப் போச்சி. அதைச் சொல்ல எனக்கு வாய் வரல்ல. நீங்க சொன்ன பொறகுதான் நானும் டொக்டர்ட்டச் சொன்னேன்." புட்டியை உதறினாள். "உங்கட மச்சி ஏசினா ஏசட்டும். புள்ள சொகமானா எல்லாம் சரி வரும்."

"சுகமாகாட்டி?"

அவள் புட்டியை மூடினாள். தன் முக்காட்டின் நுனியால் என் கையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

மச்சாள் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னாள். தம்பி எப்படியோ செய்தி கேட்டு வழியில் வந்துகொண்டிருந்தான். பன்றிகளுக்குத் தீன் வைக்க ஆள் இல்லை. நான் பஸ் ஏறினேன். அந்தப் பயணம் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அடிக்கவேண்டாம் என்றும் இருந்தது. அடிக்கவேண்டும் என்றும் இருந்தது.

கூட்டில் பாதிக்குமேல் குட்டிகள் செத்துக் கிடந்தன. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். தாய்ப்பன்றி எழுந்து வந்து கம்பிக்குள்ளால் மூக்கை நீட்டி, நான் மண் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. குசினிக்குள் போனேன். கறுப்புக்குட்டி பெட்டிக்குள், வாலடி நனைந்து, உயிரோடு கிடந்தது. என் காலடி கேட்டு ஒரு காதை அசைத்தது.

பழக்கத்தில் உப்புச்சீனித் தண்ணீர் கரைத்துப் புட்டியில் விட்டேன். குட்டியின் வாய்க்குக் கொண்டுபோனபோது கை நின்றுவிட்டது. இது குடித்துப் பிழைத்து, அங்கே பிள்ளை போய்விட்டால்? அப்படி ஒரு நினைப்பு ஏன் வந்தது என்று தெரியவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றினால் மற்றதை எடுத்துவிடுவார்கள் என்று யாரோ எனக்கு எதிரே இருந்து பேரம் பேசுவதுபோல இருந்தது. நான் அடுப்படியில் இருந்து சத்தம் வராமல் அழுதேன். குட்டி தலையை ஆட்டி ஆட்டிப் புட்டியைத் தேடியது. கடைசியில் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

பின்னேரம், மிருக வைத்தியரும் அவரோடு ஒரு இளம்பெண்ணும் வந்தார்கள். ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள், பன்றிகளில் இந்த வைரஸ் எத்தனை விதமாக இருக்கிறது என்று பல்கலைக்கழகத்தில் படிக்கிறவளாம். காலில் பொலித்தீன் பைகளைக் கட்டிக்கொண்டு கூட்டுக்குள் இறங்கினாள். நோய்ப்பட்ட குட்டி, சுகமாக நின்ற குட்டி, தாய், எல்லாவற்றின் மலத்தையும் சிறு சிறு குழாய்களில் எடுத்து ஐஸ்பெட்டிக்குள் வைத்தாள்.

"பெரியதுக்கு வயித்தாலை போகேல்லையே?" என்றேன்.

"பெரிசுகள் நோய் காட்டாது அன்ரி. ஆனா உள்ளுக்க வைச்சிருக்கும்." நிமிர்ந்து பார்த்தவள் வாய்க்காலைக் கண்டாள். "இந்தத் தண்ணி எங்கயிருந்து வருது?"

"பிள்ளையின்ரை துணி கழுவுற தண்ணி. வீணாக்கிறேல்லை எண்டு..."

அவள் வாய்க்கால் வழியே கல்லடிவரை நடந்து போனாள். அங்கேயிருந்து குசினிக் கதவையும், கதவுக்குள் தெரிந்த பெட்டியையும் பார்த்தாள். "அப்ப ரெண்டு பக்கமும் பாதை இருந்திருக்கு," என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

வயிற்றோட்டம் நிற்கும்வரை ஒரு பன்றியையும் வளவைவிட்டு வெளியே கொண்டுபோகக்கூடாது என்று மிருக வைத்தியர் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மச்சாளின் இலக்கம். எனக்கு எடுக்கப் பயமாக இருந்தது. அந்தப் படிக்கிற பிள்ளைதான், "எடுங்கோ அன்ரி," என்றாள்.

"மச்சாள்..." என்று அழுகைச் சத்தம் கேட்டது. நான் கல்லில் இருந்துவிட்டேன்.

"சொல்லும். என்னெண்டு சொல்லும்."

"பெஞ்சிட்டாள் மச்சாள்."

"என்ன?"

"மூத்திரம் பெஞ்சிட்டாள். என்ரை மடி முழுக்க நனைஞ்சு போச்சு. டொக்டர் இனிப் பயமில்லை எண்டவர்."

போனின் இரண்டு பக்கமும் அழுகை மட்டும் கேட்டது. மிருக வைத்தியர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கறுப்புக்குட்டி அடுத்த நாள் செத்தது.

பிள்ளை வீட்டுக்கு வந்தபோது தலை இரண்டு பக்கமும் மொட்டையாக, நடுவில் மட்டும் மயிர் நின்றது. தம்பி அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னான். "அக்கா, இனிப் பண்டி வேண்டாம்."

"ஓம்," என்றேன்.

ஆனால் மிருக வைத்தியர் மறித்திருந்ததால் அவற்றை உடனே அனுப்ப முடியவில்லை. அந்தக் காலம்தான் ஆகப் பொல்லாதது. மச்சாள் பின்கதவைப் பூட்டியே வைத்திருந்தாள். நான் கூட்டிலிருந்து வந்தால் வெளிக்குழாயில் குளித்து, வேறு உடுப்பு மாற்றி, முன்பக்கத்தால் சுற்றி வரவேண்டும். அப்படி வந்தாலும் பிள்ளையை என்னிடம் தருவதில்லை. அவள் பாயில் கிடந்து என்னைக் கண்டு கையால் அடிப்பாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். கொஞ்ச நேரம் அடித்துவிட்டு நிறுத்திவிடுவாள். போகப் போக, என்னைக் கண்டால் அடிப்பதையே விட்டுவிட்டாள்.

நத்தாருக்கு முன் பன்றிகள் போயின. தாய்ப்பன்றி லொறியில் ஏற மறுத்தது. நான் தவிட்டு வாளியைக் காட்டிக் கூப்பிட, என் பின்னாலேயே ஏறியது. தம்பி இரும்பு அலவாங்கால் வாய்க்காலை உடைத்தான். கழுவுகிற தண்ணீருக்கு வீட்டின் மறுபக்கத்தில் ஒரு குழி வெட்டி மூடி போட்டான்.

கூடு வெறுமையாகி மாரி மழையும் முடிந்த பிறகு, அந்தப் படிக்கிற பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். தனியக் கேட்கப் பயமாக இருந்தது. மச்சாளுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"அன்ரி, உங்கடை கூட்டில ஒரு விதம் இல்லை, பல விதம் இருந்திருக்கு," என்றாள். "வீட்டில ஆரும் காட்ஸில முன்னூத்திநாலு விளையாடுறவையோ?"

"தம்பி விளையாடுவான்."

"அப்ப இப்பிடி யோசியுங்கோ. இந்த வைரஸ் ஒவ்வொண்டிலயும் பதினொரு துண்டு இருக்கு, பதினொரு காட்ஸ் மாதிரி. பண்டியின்ரை ஒண்டும் மனுசரின்ரை ஒண்டும் ஒரே வயித்துக்குள்ள போனா, ரெண்டு கட்டும் கலைஞ்சு புதுக்கை ஒண்டு வரும். உங்கடை கூட்டில எடுத்த ஒண்டில, சில துண்டுகள் மனுசரில காணுறது மாதிரி இருக்கு."

மச்சாள் போனுக்குக் கிட்டக் குனிந்தாள். "அப்ப என்ரை பிள்ளைதான் பண்டிக்குக் குடுத்ததோ?"

"அப்பிடியும் சொல்லேலாது அக்கா. அது உங்கடை வீட்டிலதான் கலந்ததோ, எத்தினையோ வருசத்துக்கு முந்தி வேறெங்கயோ கலந்து வந்ததோ தெரியாது. ஆஸ்பத்திரியில பிள்ளையிட்டை எடுத்ததையும் வைச்சிருந்தா ஒப்பிட்டுப் பாத்திருக்கலாம். இப்ப அது இல்லை."

"ஆர் ஆருக்குக் குடுத்தது எண்டு ஒருநாளும் தெரியாதோ?"

"தெரியாது அக்கா."

மச்சாள் பிள்ளை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "திரும்ப வருமோ?" என்றாள்.

"வரலாம். அநேகமா முதல்தரம் போலை கடுமையா இராது. ஆனா துண்டுகள் மாறிக்கொண்டுதான் இருக்கும். கையை நல்லாக் கழுவுங்கோ."

போனை வைத்தோம். இனி மச்சாள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். மன்னிப்புக்காக அல்ல. என்மேல்தான் குற்றம் என்று சொல்லியிருந்தால்கூட, பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது இருந்திருக்கும். அவள் எழுந்து போய்ப் பால் காய்ச்சினாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலை, நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். மச்சாள் வெறுங்காலோடு ஓடிவந்தாள். கையில் பிள்ளையின் துணி இருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது.

"மச்சாள், இதை ஒருக்கா மணந்து பாருங்கோ."

அவள் துணியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். தும்புத்தடியை விட்டுவிட்டு நான் குனிந்தேன். உள்ளே, தவழத் தொடங்கிவிட்ட பிள்ளை மறுபடியும் பாயில் அடிக்கும் சத்தம் கேட்டது.

"அதுதானோ?"

மூச்சை இழுத்தேன். ஒருதரம் இழுத்தும் நம்பிக்கை வராமல் வேலிவரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லை," என்றேன். "அது இல்லை. பல் முளைக்கிறதாக்கும்."

"வடிவாச் சொல்லுங்கோ."

"இல்லையெண்டுதான் நினைக்கிறன்."

அவள் துணியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ," என்றாள். "நான் குழிக்குள்ள தண்ணி ஊத்திப்போட்டு வருமட்டும் பிள்ளையை ஒருக்காப் பாருங்கோ."

முழங்கை வரை சவர்க்காரம் போட்டேன். கழுவினேன். திரும்பவும் போட்டேன். உள்ளே பிள்ளை அடிப்பதை நிறுத்துவதற்குள் போய்விடவேண்டும் என்று இருந்தது. கை போதுமான அளவு சுத்தமாகிவிட்டதா என்று தெரியவில்லை. நான் இன்னும் கழுவிக்கொண்டே நின்றேன்.